ஓரியின் மலையில் ஒரு பேண்டு: வன்பரணருக்குத் தன் பாட்டுல எது பிடிச்சது?

இந்த எபிசோட் ஒரு பஸ் சண்டையில ஆரம்பிச்சது. காரவள்ளியிலேர்ந்து கொல்லிமலைக்கு ஏறுற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. ஜன்னல் வழியா கீழ பார்த்தா வயிறு கலங்கும், அதனால யாரும் பார்க்கல, எல்லாரும் பேசிட்டே வந்தோம். எங்க கூட்டத்துல ஒருத்தன் பீட்டில்ஸ் வெறியன். பன்னெண்டாவது வளைவுல அவன் ஒண்ணு சொன்னான்: பீட்டில்ஸோட டிரம்மர் ரிங்கோ ஸ்டார், தான் வாசிச்சதுலேயே தனக்கு ரொம்பப் பிடிச்சது 'ரெயின்' பாட்டுல வாசிச்சதுதான்னு பேட்டியில சொல்லியிருக்கார்.

கேட்டவங்க பாதி பேருக்கு அந்தப் பாட்டே தெரியல. தெரியாம இருக்கிறதுல ஆச்சரியமும் இல்லை. 1966-ல 'பேப்பர்பேக் ரைட்டர்' இசைத்தட்டோட பின்பக்கத்துல வந்த பாட்டு அது. எந்த ஆல்பத்துக்கும் அதைத் தலைப்பா வைக்கல, கூட்டம் சேர்ந்து பாடுற பாட்டும் இல்லை. ஆனா வாசிச்ச மனுஷன் அதைத்தான் எடுக்கிறார். அதே பேண்டுல ஜான் லெனன் தானே எழுதின 'ரன் ஃபார் யுவர் லைஃப்' பாட்டைப் பிடிக்கவே பிடிக்காதுன்னு சொல்லிட்டுப் போனார். அதை ரசிச்சுக் கேட்டுக்கிட்டிருந்தவங்க என்ன பண்றது?

பஸ் ரெண்டு கட்சியா பிரிஞ்சுச்சு. "அவர் வாசிச்சது, அவருக்குத் தெரியாதா?" ஒரு கட்சி. "சமைச்சவங்களுக்கு எப்பவுமே உப்பு தெரியாது, சாப்பிட்டவன்தான் சொல்லணும்" இன்னொரு கட்சி.

இந்தச் சண்டை நம்ம ஊருக்கும் புதுசு இல்லை. 2002-ல பிபிசி உலக சேவை தன்னோட 70-ஆம் ஆண்டை ஒட்டி உலகத்தோட டாப் டென் பாட்டு எதுன்னு ஓட்டு எடுத்துச்சு. 'தளபதி' படத்து 'ராக்கம்மா கையத் தட்டு' நாலாவது இடத்துல வந்துச்சு. இளையராஜா ரசிகர்கள் சந்தோஷப்பட்டாங்க, அடுத்த நிமிஷமே சண்டை போட ஆரம்பிச்சாங்க: ராஜாவோட ஆயிரக்கணக்கான பாட்டுல நாம உலகத்துக்குக் காட்ட வேண்டியது இதுதானா? முதல் இடத்துல வந்ததோ ஒரு அயர்லாந்து பேண்டு பாடின நாட்டுப்பற்றுப் பாட்டு. ஓட்டுன்னு வந்தா கூட்டத்துக்குப் பிடிச்சது ஜெயிக்கும். பாட்டைப் பண்ணினவரை யாரும் கேட்கிறது இல்லை.

பஸ் மேல வந்து செம்மேட்டுல நின்னுச்சு. கொல்லிமலைக்குப் போயிருக்கீங்கன்னா தெரியும், இங்க ஊராட்சிகளுக்குப் பேரே நாடுன்னு முடியும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, பெரக்கரை நாடு... மொத்தம் 14. ஒரு மலைக்குள்ள 14 நாடு! பெரக்கரை நாடுன்னு போர்டைப் பார்த்ததும் நகரத்துப் பசங்க சிரிப்போம். ஆனா நாடுன்னா ஒரு காலத்துல இந்த அளவுதான். ஒரு மலை, அதைச் சுத்தி இருக்கிற காடு, அதுக்கு ஒரு தலைவன். அப்படி இந்த மலை முழுக்க ஆண்டவன்தான் வல்வில் ஓரி. செம்மேட்டுல அவனுக்குச் சிலை இருக்கு. ஆடிப்பெருக்கை ஒட்டி வருஷா வருஷம் அரசாங்கம் அவன் பேர்ல விழா எடுக்குது.

சிலையைப் பார்த்ததும் எனக்கு உறைச்சுச்சு. பஸ்ஸுல போட்ட சண்டைக்கு இந்த மலையிலேயே ஒரு பழைய கேஸ் இருக்கு. ஏறக்குறைய 2,000 வருஷப் பழைய கேஸ். அதுல ஒரு பேண்டு, அதுக்கு ஒரு தலைவர், புறநானூற்றுல அவரோட பாட்டு ஆறு, அதுல எது பெருசுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒத்துப்போகாத ரசிகர்கள்.

தலைவர் பேரு வன்பரணர். சங்க இலக்கியத்துல பரணர்னு ஒரு பெரிய புலவர் இருக்கார், இவர் வேற. புறநானூற்றுல இவர் பேர்ல ஆறு பாட்டு இருக்கு. 148, 149, 150 மூணும் நள்ளிங்கிற மலைத்தலைவன் மேல. 152, 153 ரெண்டும் நம்ம ஓரி மேல. கடைசியா, தனியா நிக்கிற 255. ஆறு பாட்டு கம்மின்னு தோணும். ஆனா ஒரு இசைக்குழு எப்படி நடந்துச்சு, என்ன சாப்பிட்டுச்சு, எங்க தூங்குச்சுன்னு இந்த ஆறுல கிடைக்கிற அளவுக்கு வேற இடத்துல கிடைக்கிறது அபூர்வம்.

முதல்ல பேண்டுல யார் யார், என்னென்ன வாத்தியம்னு பார்த்துடலாம். 152-ஆம் பாட்டுல அவரே சொல்றார். காட்டு வழியில தன் ஆட்களைப் பார்த்து வரிசையா உத்தரவு போடுற இடம் அது. விறலியைக் கூப்பிட்டு, பாடப் போறோம்கிறார். விறலின்னா ஆடிப் பாடுற பெண் கலைஞர், குழுவோட முகம். அப்புறம் முழவுக்கு மண் பூசித் தயார் பண்ணுங்க. யாழைச் சுருதி கூட்டுங்க. யானைத் துதிக்கை மாதிரி இருக்கிற நீளக் குழலை எடுங்க. எல்லரி, ஆகுளி ரெண்டும் வாசிங்க. இதுல ஆகுளிங்கிறது சின்னப் பறை. பதலைங்கிற தோல் வாத்தியத்தை ஒரு பக்கம் மட்டும் மெதுவா தட்டுங்க. தலைவர் கையில பிடிக்கிற கறுப்புக் கோலை எங்கிட்ட கொடுங்க.

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? இத்தனை வாத்தியத்துல, எப்படி வாசிக்கணும், எவ்வளவு சத்தமா வாசிக்கணும்னு அவர் சொல்றது ஒரே ஒரு வாத்தியத்துக்குத்தான். பதலை. ஒரு பக்கம் மட்டும், மெதுவா. கேட்கிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. மேடையில நின்னவனுக்குத்தான் இது தெரியும், பதலை கொஞ்சம் தூக்குச்சுன்னா யாழ் காதுல விழாது. ரிங்கோ 'ரெயின்' பாட்டை எடுத்ததும் இந்த மாதிரி ஒரு காதாலதான். நாம கேட்கிறது பாட்டை, அவங்க கேட்கிறது அதுக்குள்ள இருக்கிற ஒரு தட்டை.

சரி, இவ்வளவு ஏற்பாடு யாருக்காக? கதை இதுதான். குழு காட்டுல போய்க்கிட்டிருக்கு. அங்க ஒரு வேட்டைக்காரன். அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்க்குது, அடுத்து புலியைக் கொல்லுது, ஒரு மானை உருட்டுது, காட்டுப்பன்றியை வீழ்த்துது, கடைசியில புத்துல இருக்கிற உடும்புல போய்த் தைக்குது. ஆமா, அஞ்சு மிருகம், ஒரு அம்பு. வன்பரணர் ஆளைப் பார்க்கிறார். கூலிக்கு வேட்டையாடுறவன் மாதிரித் தெரியல, மார்புல ஆரம் தொங்குது, வசதியான ஆள். ஒருவேளை இவன்தான் ஓரியோ, இல்லையோன்னு மனசுக்குள்ள ஒரு கேள்வி. எதுக்கும் பாடிடுவோம்னுதான் அந்த உத்தரவெல்லாம்.

பாடுறாங்க. மூவேழு துறை, அதாவது 21. வலிவு, மெலிவு, சமம்னு மூணு தானம், ஒவ்வொண்ணுலேயும் ஏழு, அப்படித்தான் உரைகாரங்க கணக்குச் சொல்றாங்க. நம்ம பாஷையில சொன்னா ஃபுல் செட். அந்த வரிசை முடிஞ்சு 'கோ'ன்னு, அதாவது அரசேன்னு கூப்பிட்ட உடனே அந்த வேட்டைக்காரனுக்கு வெட்கம் வந்துடுது. ஏன்னா அது அவனைச் சொன்னது. மாட்டிக்கிட்டான். உன்னை மாதிரி வேட்டுவன் எந்த நாட்டுலேயும் இல்லைன்னு இவங்க பேச வர்றாங்க, அவன் பேசவே விடல. வேட்டையாடின இறைச்சி, கூடவே உருக்கின நெய் மாதிரி மதுவைக் கொடுக்கிறான். மலையில விளைஞ்ச பொன்னையும் மணியையும் கலந்து, காட்டு வழியிலேயே வச்சு, இந்தாங்க வாங்கிக்கோங்கன்னு நீட்டுறான்.

இதுதான் ஹிட் பாட்டு. ஓரின்னு சொன்னாலே இன்னிக்கும் எல்லாருக்கும் நினைவுக்கு வர்றது அந்த அம்புதான். 'வல்வில்'ங்கிற அடைமொழி சங்கப் பாட்டுலேயே அவன் பேரோட ஒட்டிக்கிச்சு. கடையெழு வள்ளல்களை வரிசையா சொல்ற பெருஞ்சித்திரனார், 158-ஆம் பாட்டுல, ஓரியை வில்லை வச்சுத்தான் அடையாளம் காட்டுறார். செம்மேட்டு விழாவுல வில்வித்தைப் போட்டி நடத்துறாங்க. கூட்டத்தோட ஓட்டு எங்க விழுந்துச்சுன்னு இதுக்கு மேல விளக்க வேண்டாம்.

ஆனா ரசிகர்கள் எல்லாரும் அம்பு கட்சி இல்லை.

சிறுபாணாற்றுப்படை எழுதின நல்லூர் நத்தத்தனாரும் ஏழு வள்ளல்களைப் பட்டியல் போடுறார். ஓரி பேர் வருது, ஆனா அம்பைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசல. அவருக்கு ஓரின்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, காரிங்கிற குதிரையில வந்த காரியோட, ஓரிங்கிற குதிரையில ஏறிப் போர் செஞ்சவன். ரெண்டு, சின்னச் சின்னக் குன்றுகள் இருக்கிற நல்ல நாட்டையே கோடியருக்குக் கொடுத்தவன். கோடியர்னா கூத்தாடுறவங்க. ஆடுறவங்களுக்கு நிலம் எழுதி வச்ச தலைவன்! பாணர்களை வழியனுப்புற பாட்டு அது, அதுல இந்தத் தகவல்தான் மேல வரும்னு எனக்குத் தோணுது. தொழில்காரங்க நினைவு வச்சுக்கிற விதமே வேற. நிகழ்ச்சி முடிஞ்சதும் கைதட்டினவங்களை அவங்க மறந்துடுவாங்க, பேசின பணத்தை அன்னிக்கு ராத்திரியே கையில கொடுத்தவரை மறக்க மாட்டாங்க.

மூணாவது கட்சி மேடைப் பேச்சாளர்கள். அவங்க ஓட்டு வன்பரணருக்கே கிடையாது, கழைதின் யானையார்ங்கிறவர் ஓரி மேல பாடின 204-ஆம் பாட்டுக்கு. கொடுன்னு கேட்கிறது இழிவு, இல்லைன்னு சொல்றது அதைவிட இழிவு. வாங்கிக்கோன்னு சொல்றது உயர்வு, வேண்டாம்னு சொல்றது அதைவிட உயர்வு. இந்தக் கருத்து பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலேர்ந்து கல்யாண வாழ்த்து வரைக்கும் வந்திருக்கும், நீங்களும் கேட்டிருப்பீங்க. ஆனா முழுப் பாட்டையும் படிச்சா விஷயம் வேற மாதிரிப் போகுது. தாகம் எடுத்தவங்க கடல் தண்ணியைக் குடிக்க மாட்டாங்க, மாடு இறங்கிக் கலங்கின சின்னக் குட்டையா இருந்தாலும் அங்கதான் போவாங்கன்னு சொல்றார். வள்ளல்கிட்ட போய் ஒண்ணும் கிடைக்காம திரும்பினவங்க அந்த வள்ளலைத் திட்ட மாட்டாங்க, புறப்பட்ட நேரத்தையும் சகுனத்தையும்தான் நொந்துக்குவாங்கங்கிறார். அதனால உன்மேல எனக்குக் கோபம் இல்லை, நல்லா இரு ஓரின்னு முடிக்கிறார்.

புரியுதுல்ல? இது பரிசு வாங்கிட்டுப் பாடின பாட்டு இல்லை. கை வெறுமையா நிக்கிற ஒரு புலவர், மரியாதையா, கொஞ்சம் குத்தலாப் பாடினது. நாம முதல் நாலு வரியைக் கத்தரிச்சு வாழ்த்து அட்டையில அடிச்சுக்கிட்டோம். அந்தப் பாட்டைக் கேட்டப்போ ஓரிக்கு முகம் எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

நாலாவது ஓட்டு ரொம்ப தூரத்துலேர்ந்து வருது. ஏ.கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை ஆங்கிலத்துல கொண்டுபோய் 1985-ல வெளியிட்ட தொகுப்புல வன்பரணரோட 255-ஐச் சேர்த்தார். வள்ளல் இல்லை, வாத்தியம் இல்லை, பரிசு இல்லை. காட்டுல விழுந்து கிடக்கிற கணவன் பக்கத்துல ஒரு பெண். வாய்விட்டு அழுதா புலி வந்துடுமோன்னு பயம். தூக்கலாம்னா அவனோட அகன்ற மார்பை அணைச்சுத் தூக்க முடியல. என் வளைக்கையைப் பிடிச்சுக்கோ, மெல்ல மெல்ல அந்த மலை நிழலுக்குப் போயிடலாம்னு சொல்றா. பாட்டே சில வரிதான். ஓரியையும் நள்ளியையும் தெரியாத ஒரு அமெரிக்க மாணவனுக்கு வன்பரணர்னா அனேகமா இந்தப் பாட்டுதான். என்னைக் கேட்டா இலக்கியமா இதுதான் அவரோட உச்சம். ஆனா நாம இன்னிக்குக் கேட்கிற கேள்வி அது இல்லையே. அவருக்கு எது பிடிச்சிருக்கும்?

பேட்டி இல்லை, டைரி இல்லை. புறநானூற்றைத் தொகுத்தவர் யார்ங்கிறதுக்கே குறிப்பு இல்லை. ஆனா ஒரு வழி இருக்கு. ஒரு கலைஞன் திரும்பத் திரும்ப எந்த இடத்துக்கு வர்றான்னு பார்க்கலாம். பணத்துக்காக ஒரு தடவை பாடுவான், ரெண்டாவது தடவை அதே விஷயத்துக்கு வந்தான்னா அது அவனுக்குள்ள இருக்கு.

முதல்ல கண்ணுல படுறது கதை. 150-ஐயும் 152-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, ரெண்டும் ஒரே கதை! 150-ல ஓரிக்குப் பதிலா நள்ளி. குளிர்ல நனைஞ்ச பருந்தோட சிறகு மாதிரிக் கிழிஞ்ச துணியோட பலாமரத்தடியில உட்கார்ந்திருக்கார் நம்ம ஆள். மான் வேட்டையாடிட்டு ஒரு வேட்டைக்காரன் வர்றான். எழுந்திரிக்கப் போனவரைக் கையைக் காட்டி உட்கார வைக்கிறான். தன் ஆட்கள் வந்து சேர்றதுக்கு முன்னாடி தானே தீ மூட்டி இறைச்சியைச் சுட்டு, உங்க கூட்டத்தோட சாப்பிடுங்கன்னு கொடுக்கிறான். பசி தீருது, அருவித் தண்ணி குடிக்கிறாங்க. கிளம்பும்போது மார்புல கிடந்த ஆரத்தையும் கைக் கடகத்தையும் கழட்டிக் கொடுக்கிறான். எந்த நாடு, யாருன்னு கேட்டா பதில் இல்லை. வழியில மத்தவங்க சொல்லித்தான் தெரியுது, அது தோட்டி மலை நள்ளின்னு.

அடையாளம் தெரியாத வேட்டைக்காரன், காடு, இறைச்சி, நகை, கூச்சம். ஒரே மெட்டுல ரெண்டு பாட்டு போட்ட மாதிரி. காப்பியடிச்சுட்டார்னு சொல்லலாமா? கைலாசபதி 1968-ல தமிழ் வீரயுகப் பாடல்களைப் பத்தி எழுதின ஆய்வுல இதுக்கு வேற பதில் வச்சிருக்கார். இது வாய்மொழிப் பாடகர்களோட மரபு, அவங்ககிட்ட தயாரா இருக்கிற கதைத் துண்டுகளும் தொடர்களும் உண்டு, இடத்துக்குத் தகுந்தபடி அடுக்குவாங்கங்கிறது அவர் வாதம். ஜார்ஜ் ஹார்ட் இதை ஒத்துக்கல. பாணர்கள் வேற, புலவர்கள் வேற. எழுத்துத் தெரிஞ்ச புலவர்கள் பாணர்களோட பாட்டைப் பார்த்துப் பாணன் குரல்ல எழுதினாங்கன்னு 1975-ல வந்த தன்னோட புத்தகத்துல சொன்னார். இதுல எது சரின்னு இன்னும் முடியல. ஹார்ட் சொல்றதுதான் சரின்னா வன்பரணர் கோல் பிடிச்ச பேண்டு தலைவரே இல்லை, அந்த வேஷத்துல எழுதினவர். எனக்கு அந்தப் பதலை உத்தரவு இடிக்குது. ஒரு பக்கம், மெதுவாங்கிறது, வேஷம் போட்டவனுக்கு ஏன் தோணணும்? அவர் மேடைக்குப் பக்கத்துலயாவது ரொம்ப நாள் நின்ன ஆளா இருக்கணும்.

இப்ப ஆச்சரியத்துக்கு வர்றேன். கதையை விட இன்னொரு விஷயத்துக்கு அவர் திரும்பி வர்றார். அது தன் பேண்டு சொதப்பின கதை.

149-ஐ எடுங்க. சின்னப் பாட்டு. நள்ளிகிட்ட சொல்றார்: எங்க ஆளுங்க சாயங்காலத்துல மருதப் பண்ணை வாசிக்கிறாங்க, காலையில கைவழி யாழ்ல செவ்வழி வாசிக்கிறாங்க, முறையையே மறந்துட்டாங்க. மருதம் காலைக்குரிய பண், செவ்வழி மாலைக்குரியது. ரெண்டையும் மாத்திட்டாங்க. கோயில்ல நாதஸ்வரக்காரர் சாயங்காலம் பூபாளம் வாசிக்கிறதை நினைச்சுப் பாருங்க, அப்படிப்பட்ட தப்பு. எதனால மறந்தாங்க? நீ எங்களைக் காப்பாத்துறதைக் கடமையா எடுத்துக்கிட்டதனாலங்கிறார்.

153. இந்தத் தடவை ஓரி, கொல்லிமலை. என் கூட்டம் ஓரியைப் பார்க்கப் போச்சுங்கிறார். தண்ணியில பூக்காத குவளை கிடைச்சுச்சு, அதாவது மணி வச்சுச் செஞ்சு வெள்ளி நார்ல தொடுத்த மாலை. யானையும் கிடைச்சுச்சு. போனவங்களுக்குப் பசியே இல்லாம போச்சு போல, வாத்தியம் முழங்கினாலும் ஆட மாட்டேங்கிறாங்க, பாட்டையும் மறந்துட்டாங்க. அதோட பாட்டு முடியுது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு இசைக்குழுவோட தலைவர், எங்க பசங்க ராகம் மாத்தி வாசிச்சாங்க, எங்க பொண்ணுங்க ஆட மறந்தாங்க, நாங்க பாட்டையே மறந்தோம்னு வெளியில பாடுறார். ரெண்டு தடவை, ரெண்டு வேற வேற தலைவன்கிட்ட. எந்த பேண்டாவது தன்னோட மோசமான நிகழ்ச்சியை இப்படிப் பெருமையா சொல்லுமா? அம்பு துளைச்ச கதை ஒரு தடவைதான் வருது. பேண்டு மறந்த கதை ரெண்டு தடவை வருது. எனக்கு இதுதான் அவரோட 'ரெயின்'.

அது வெறும் ஐஸ் வைக்கிறதுதானேன்னு கேட்கலாம். சாப்பாடு பிரமாதம், எங்களுக்கு வேலையே ஓடலங்கிற மாதிரி. இருக்கலாம். ஆனா அவர் ஐஸ் வைக்கிற ஆள் இல்லைன்னு 148 சொல்லுது. பெருமை இல்லாத மன்னர்கள் புகழை விரும்பி, செய்யாததைச் செஞ்சதா பாடுறதுக்கு எங்க நாக்குக்குத் தெரியாதுன்னு சொல்றார். ஒரு அம்புல அஞ்சு மிருகம்னு பாடினவர் இதைச் சொல்றது கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா கவனிங்க, யாருக்குப் பாட மாட்டோம்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்கிற குழு இது. கிழிஞ்ச துணியோட பலாமரத்தடியில உட்கார்ந்துக்கிட்டே அந்தக் கோட்டைப் போட்டிருக்காங்க.

நான் இப்படித்தான் படிக்கிறேன். இவங்களுக்குப் பாட்டும் பசியும் ஒண்ணோட ஒண்ணு கட்டியிருந்துச்சு. காலையில மருதம், மாலையில செவ்வழிங்கிற ஒழுங்கு வெறும் இசை இலக்கணம் இல்லை. வீடு வீடா, மலை மலையா போய், அந்தந்த நேரத்துக்குச் சரியான பண்ணை வாசிச்சாத்தான் அன்னிக்குச் சாப்பாடு. தப்பா வாசிச்சா பட்டினி. அந்தப் பயம் இல்லாத ஒரே ஒரு நாள்ல பண் மாறிப்போச்சு. அதை வன்பரணர் கண்டிக்கல, பாட்டாக்கி வச்சார். தன் ஆட்கள் பயம் இல்லாம, தூக்கக் கலக்கத்துல, எந்த நேரம்னே தெரியாம ஏதோ ஒரு பண்ணை மீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம். அதை அவர் எவ்வளவு ஆசையாப் பார்த்திருக்கணும்!

அந்த நிலைமை ரொம்ப நாள் நிக்கல. ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்னான். கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான்னு அகநானூறு 209-ல கல்லாடனார் பாடியிருக்கார். ஓரியைக் கொன்ன பிறகு அவனோட பெரிய தெருவுல காரி நுழைஞ்சப்போ எழுந்த இரைச்சலைக் கபிலர் நற்றிணை 320-ல ஒரு உவமையா, போற போக்குல வச்சுட்டுப் போறார். எனக்கு அந்த இடம் ஒவ்வொரு தடவையும் உறுத்தும். கபிலர் காரியையும் பாடினவர். ஒரு ஊர் விழுந்த சத்தம், இன்னொரு கலைஞனுக்கு ஒரு காதல் பாட்டுல உவமை. அந்தத் தெருவுல அன்னிக்கு வன்பரணரோட ஆளுங்க யாராவது இருந்தாங்களா, கோடியருக்குக் கொடுத்த அந்த நிலம் யார் கைக்குப் போச்சு, ஒரு பாட்டும் சொல்லல.

வார்த்தை மட்டும் மிஞ்சுச்சு. 1894-ல உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சுல கொண்டு வந்தப்போ, ஏடுகள்ல முதல் 266 பாட்டுக்குத்தான் பழைய உரை கிடைச்சுது. நம்ம ஆறு பாட்டும் அதுக்குள்ள வந்துடுது, அதிர்ஷ்டம். ஆனா மெட்டு வரல. 21 துறையும் வரல. அதாவது ஒரு பெரிய பேண்டோட பாட்டுப் புத்தகம் நம்மகிட்ட இருக்கு, ஒரு இசைத்தட்டுகூட இல்லை. நாம போடுற ஓட்டு எல்லாமே வரிகளுக்குத்தான். வாசிச்சவங்ககிட்ட கேட்டிருந்தா எந்தக் காட்டுல, எந்த ராத்திரியில பதலை சரியா அடங்கி யாழ் மேல வந்துச்சோ, அதைச் சொல்லியிருப்பாங்க. அது எந்தப் பாட்டுன்னு நமக்குப் பேரே தெரியாம இருக்கலாம்.

திரும்பி இறங்குற பஸ்ஸுல அதே 70 வளைவு, அதே சண்டை. பீட்டில்ஸ் வெறியன் 152-க்குத்தான் ஓட்டுப் போட்டான், வாத்தியப் பட்டியல் இருக்காம். இன்னொருத்தி 255. ஒருத்தன் 204-ஐ விடவே மாட்டேன்னான், அது வன்பரணர் பாட்டே இல்லைடான்னு நாலு தடவை சொல்லியும் கேட்கல. என் ஓட்டு 149, அஞ்சே வரி, தப்பான நேரத்துல ஒரு மருதம். உங்க ஓட்டை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறோம். 204-ஐ மட்டும் அனுப்பாதீங்க.